செம்மண் கட்டிய அவரை

மகள் கலைமதி போனில் சொன்னதைப் பெரியம்மாள் மூன்று நாளாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஞாயித்துக்கெழம வர்றன்மா. வந்து வூட்ட ஒரு பார்வ பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம். உன்னால முடியலன்னா அப்பா அண்ணன்கிட்ட பெங்களூருக்கு, நீ என்கூட ஓசூருக்கு. ரெண்டு பேரையும் ஒரே எடத்துல வெச்சுக்க எங்க யாருக்கும் வசதி இல்லம்மா. கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். மகன் தமிழ்மணிக்குப் பெங்களூரில் ஒரு அறை மிச்சம், மகளுக்கு ஓசூரில் ஒரு மூலை மிச்சம். வரப்புப் போட்டு நிலத்தைப் பிரிக்கிற மாதிரி அப்பனையும் ஆத்தாவையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டால் தீர்ந்தது என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. பிரிக்கப்படுகிறவர்களிடம் வரப்பு எங்கே போடலாம் என்று யார் கேட்டார்கள்?

புருஷன் ஆண்டிக்கு வாதம் வந்து இரண்டு வருஷம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. மிச்சம் இருந்தவை இடது கையும் கண்ணும் காதும் கோபமும். பேச்சு இருந்த காலத்திலும் அந்த மனிதர் வாயில் தேன் ஒழுகியதில்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் இண்டூர் ரோடு வரைக்கும் கேட்கக் கத்துவார். அதனாலேயே, பரிமாறும் முன்பு ஒரு சொட்டை அவர் உள்ளங்கையில் ஊற்றி உப்புப் பார்க்கச் சொல்வது பெரியம்மாளின் வழக்கம். கல்யாணமான மறுவாரம் தொடங்கியது, நாற்பத்திரண்டு வருஷமாக நிற்கவில்லை. வாதத்துக்குப் பிறகு வலது உள்ளங்கை இடது உள்ளங்கை ஆனது, அவ்வளவுதான் மாற்றம். சரியாக இருந்தால் நக்கிவிட்டுத் தலையை ஆட்டுவார். கூடிப்போனால் கட்டில் சட்டத்தில் ஒரே ஒரு தட்டு தட்டுவார்.

அவருக்குக் கண் இருந்தது, கை இல்லை. பெரியம்மாளுக்குக் கை இருந்தது, கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஆளின் உருவம் தெரியும், முகம் தெரியாது. நிறங்களெல்லாம் அழுக்குத் தண்ணீரில் அலசி எடுத்தவைபோல ஒன்றாகிவிட்டன. கண் முகாமில் ஆபரேஷனுக்குப் பேர் எழுதிக்கொண்டு, ஒரு மாசம் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்றார்கள். "அந்த ஒரு மாசம் இவரு மண்ணத் திம்பாரா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தவள்தான், திரும்பப் போகவில்லை. பிள்ளைகளிடம் ஒரு கண் லேசாக மங்கல் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

ஐப்பசியில் பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை வீடு முழுக்க நிறைந்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். நிலத்தைக் குத்தகைக்கு ஓட்டுகிற இளம்பரிதி ஓடிவந்து மூடினான். நல்ல பையன், ஆனால் வாய் சும்மா இருக்காது. சேதி ஓசூருக்குப் போய், அங்கிருந்து பெங்களூருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து பெரியம்மாள் கேஸைத் தொடாமல் பின்வாசல் விறகடுப்பில் சமைத்தாள். நெருப்பென்றால் பக்கத்தில் போகும்போதே சுடும், அதற்குக் கண் எதற்கு?

ஆக, ஞாயிற்றுக்கிழமை மகள் வருகிறாள், அடுப்படியைப் பார்க்க வருகிறாள். பார்க்கட்டும் என்று முடிவு செய்தாள் பெரியம்மாள். வீட்டைக் கழுவி, அவருக்குச் சலவை வேட்டி கட்டி, களி கிண்டி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்து முன்னால் நிறுத்திவிட்டால் யாருக்குப் பேச வாய் வரும்? மார்கழிப் பனியில் அந்தக் குழம்பு வைக்காத வீடு அந்தப் பக்கத்தில் இல்லை. ராத்திரி முழுக்க ஊறிய அவரைக்கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரு பிதுக்கு பிதுக்கினால், தோல் கையில் நிற்கும், பருப்பு குண்டானில் போய் விழும். மூன்று பேர் சாப்பிட முந்நூறு தடவையாவது பிதுக்க வேண்டும். கண் தெரியாதவளால் முடிகிற வேலை அது ஒன்றுதான் என்றும் சொல்லலாம்.

ஆனால் அவரை எங்கே? கார்த்திகைக் கடைசியில் அடித்த புயல் மழையில் பூவெல்லாம் கொட்டி, கொடி அழுகி, அந்த வருஷம் ஊரிலேயே பச்சை அவரை இல்லை. சந்தைக்குப் போகலாம் என்றால் பஸ் நம்பர் கண்ணுக்குத் தெரியாது.

அப்போதுதான் விதை ஞாபகம் வந்தது. ஆண்டி நன்றாக இருந்தபோது கடைசியாக எடுத்து வைத்த விதை அவரை. நல்ல கொட்டையாகப் பொறுக்கி, செம்மண் குழம்பில் புரட்டி, காய வைத்து மஞ்சப்பையில் கட்டி ஆணியில் மாட்டினால் வருஷக்கணக்கில் வண்டு தொடாது. வேண்டும்போது கழுவினால் சிவப்பு தண்ணீரோடு போய்விடும். விதையைத் தின்ற வீடு விளங்காது என்பார்கள். பெரியம்மாளுக்கும் கை கொஞ்சம் கூசியது. ஆனால் அந்த விதையை இனி யார் விதைக்கப் போகிறார்கள்? இளம்பரிதி கடை விதைதான் வாங்குகிறான்.

அந்தக் கடை விதையும் சிவப்புத்தான். அது மண் சிவப்பு இல்லை, பூச்சி மருந்துச் சிவப்பு. புயல் மழையில் அவன் கொட்டாய் ஒழுகி விதைப் பாக்கெட்டெல்லாம் நனைந்து கிழிந்தபோது, மிஞ்சியதை ஒரு மஞ்சப்பையில் போட்டு இந்த வீட்டு ஆணியில்தான் மாட்டிவிட்டுப் போயிருந்தான். சொல்லிவிட்டுத்தான் மாட்டினான். அப்போது அவள் ஆண்டியைப் புரட்டிப் போட்டு முதுகு துடைத்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, மனசில் தங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு அகப்பட்ட பையை எடுத்தாள். கொட்டையில் மண் நரநரப்பு இல்லையே என்று விரலுக்குத் தோன்றத்தான் செய்தது. பழசாயிற்றே, உதிர்ந்திருக்கும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். வாடை ஏதும் இருந்ததா என்றால், பனிக்கு மூக்கு ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது. மூன்று தண்ணீர் கழுவி ஊற வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் ஏறியதும், ஆண்டியின் கட்டிலைப் பின்வாசல் ஓரமாக இழுத்துப்போட்டு, ஊறிய கொட்டையை நடுவில் வைத்து உட்கார்ந்தாள். ஊறின தண்ணீரை வாசலில் வீசிக் கொட்டினாள். வீட்டில் மூன்று கோழியும் ஒரு சேவலும் உண்டு, அவை ஓடிவந்தன.

"ஏங்க, நீங்களும் பிதுக்குங்க. மத்தியானத்துக்குள்ள ஆவணும்."

ஆண்டி இடது கையால் பிதுக்கினார். அவள் பத்து பிதுக்கினால் அவர் இரண்டு. தோலெல்லாம் வாசலுக்குப் போனது, கோழிகள் கொத்தின. பெரியம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். பேச ஆள் இல்லாத வீட்டில் அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிப் பழகியிருந்தாள்.

"பாப்பா வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க. சிரிச்ச மாதிரி இருங்க. உங்கள பெங்களூருல கொண்டுபோயி மூணாவது மாடியில வெச்சுட்டா அப்புறம் எங்க நான் பாக்கறது? அந்த மருமவளுக்குக் களி கிண்டத் தெரியுமா? ரொட்டியக் குடுப்பா. மென்னுக்கிட்டு கெடங்க."

கொஞ்ச நேரத்தில் ஆண்டி பிதுக்குவதை நிறுத்திவிட்டார். தன் விரல் நுனிகளைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். ரோஸ் நிறம். வேட்டியில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"கை வலிக்குதா? வுடுங்க, நான் பாத்துக்கறன்" என்று அந்தக் கையை மடக்கி அவர் மடியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கொத்தமல்லி, மிளகாய், பூண்டு வறுத்து, தேங்காயோடு அம்மியில் ஓட்டி அரைத்தாள். கத்தரிக்காய் நான்கு அரிந்து போட்டாள். பருப்பு கொதித்து மணம் வந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. அடுத்த அடுப்பில் நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பைச் செருகி, குண்டானைக் காலால் அணைத்துக் கிண்டினாள். மூச்சு வாங்கியது. மூன்று உருண்டைதான் என்றாலும் களி களிதான், கட்டி விழுந்தால் மானம் போகும். தட்டில் தண்ணீர் தொட்டு உருட்டியபோது வழவழவென்று வந்தது. பெரியம்மாளுக்கு நீண்ட நாளைக்குப் பிறகு மனசு நிறைந்தது. வரட்டும் அவள், வந்து பார்க்கட்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கட்டிலில் இருந்த ஆண்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோழி நாலடி நடந்து, கால் மடங்கி உட்கார்ந்து, கழுத்தை மண்ணில் சாய்த்தது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தொண்டையிலிருந்து ஏதோ வந்தது, பேச்சாக வரவில்லை. கட்டிலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"வர்றன் வர்றன். பசி வந்தா பத்தும் பறந்துருமா?" என்று குழம்புச் சட்டியோடு வந்த பெரியம்மாள், கட்டில் அருகில் சட்டியை இறக்கி, கரண்டியில் ஒரு சொட்டு எடுத்தாள். "இந்தாங்க, உப்பு பாருங்க."

அவர் கையை உதறினார். குழம்பு அவள் சேலையில் தெறித்தது. மறுபடி எடுத்தாள், மறுபடி உதறினார்.

"சரி, ஒரு நாளைக்கு நானே பாத்துக்கறன்" என்று கரண்டியைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

ஆண்டி உடம்பையே கட்டிலிலிருந்து சாய்த்து, இடது கையால் கரண்டியைத் தட்டிவிட்டு, அதே வீச்சில் சட்டியை இழுத்துக் கவிழ்த்தார். சட்டி இரண்டாக உடைந்தது. பாதிக் குழம்பு தரையில், பாதி அவருடைய செத்த காலின் மேல். கால் அசையவில்லை. அவர் மறுபடி கை நீட்டி, தரையில் கிடந்த பருப்பை மண்ணோடு சேர்த்துத் தேய்த்தார்.

பெரியம்மாளுக்குக் கண்ணில் இருந்த கொஞ்ச வெளிச்சமும் அந்த நிமிஷம் ஆத்திரத்தில் போய்விட்டது. முந்நூறு பிதுக்கு. மகள் வரும் நேரம். இவரோடு இருக்க வேண்டும் என்பதற்காக இவரோடேயே போராட வேண்டுமா? பக்கத்தில் களிக் குண்டானில் இருந்த துடுப்பை உருவினாள்.

"யாருக்காவ பண்றன் நானு? யாருக்காவ?"

அந்தக் கையின் மேலேயே அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாலாவது அடிக்குத் துடுப்பை ஓங்கியபோதுதான் அவர் அழுகிறார் என்று சத்தத்தில் தெரிந்தது. துடுப்பைப் போட்டுவிட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள்.

அப்படித்தான் இருந்தார்கள் இளம்பரிதி வந்தபோது. தன் விதையை எடுத்துப்போக வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அத்த, கோழியெல்லாம் விழுந்து கெடக்குது. சேவலுக்கு வாயில நொர தள்ளுது. என்னாத்தப் போட்டீங்க?"

"அவரத் தோலு."

"எந்த அவர?"

அவள் ஆணிப் பக்கம் கையைக் காட்டினாள். அவன் போய்ப் பார்த்தான். ஒரு மஞ்சப்பை முழுசாகத் தொங்கியது, பக்கத்து ஆணி காலியாக இருந்தது. தொங்கிய பையைப் பிரித்து ஒரு பிடி எடுத்து அவள் கையில் வைத்தான். செம்மண் நரநரத்தது.

"இது உங்களுது அத்த. நீங்க எடுத்தது என்னுது. மருந்து போட்டது." அவள் தோளைப் பிடித்தான். "நீங்க தின்னீங்களா? மாமா தின்னாரா? சொல்லுங்க!"

"இல்ல" என்றாள் பெரியம்மாள். "அவரு தின்ன வுடல."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவளுக்கே எட்டியது. தின்னவிடவில்லை. நீட்டிய கை, தட்டின தட்டு, கவிழ்த்த சட்டி எல்லாம் வரிசையாகத் திரும்பி வந்தன. அவர் உடம்பில் பேசுகிற உறுப்பு என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதைத்தான் அவள் அடித்திருந்தாள். தவழ்ந்து போய் அந்தக் கையைத் தேடி எடுத்தாள். புறங்கை புசுபுசுவென்று வீங்கிக் கொதித்தது. கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு தைலம் எடுத்துத் தடவினாள்.

இளம்பரிதி பயந்திருந்தான். பையை அங்கே மாட்டியது அவன்தானே. "அத்த, பாப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பனிக்கு ஊரெல்லாம் கோழிக்குக் கழிச்சல் வந்து சாவுது, அதுல போச்சுன்னு சொல்லிப்புடுங்க. கொழம்பு கை தவறிக் கொட்டிப்போச்சு. அவ்வளவுதான். நான் வாயே தெறக்க மாட்டன்." கோழிகளைச் சாக்கில் அள்ளினான், தரையைக் கழுவினான், மிச்சப் பருப்பையும் தோலையும் வழித்து எடுத்துக்கொண்டு, புதைப்பதற்காக ஓடைக்கரைப் பக்கம் போனான்.

கலைமதி பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வீடு கழுவிச் சுத்தமாக இருந்தது. அப்பா சலவை வேட்டியில் இருந்தார். தட்டில் மூன்று களி உருண்டை வழவழவென்று இருந்தன. குழம்பு கை தவறிக் கொட்டிவிட்டது என்று கேட்டு, "பரவால்லம்மா, எங்கூட்டுலயும் வாரத்துக்கு ஒருவாட்டி கொட்டுது" என்று சிரித்தாள். கோழிகள் கழிச்சலில் போன கதையையும் கேட்டு உச்சுக்கொட்டினாள். அப்பாவின் காலில் கொப்புளம் பார்த்து மருந்து போட்டாள். தயிர் கரைத்து, களியைப் பிட்டு அவருக்கு அவளே ஊட்டினாள். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பரணைப் பார்த்தாள், விறகடுப்பைப் பார்த்தாள். கடைசியில் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் என்னமோ நெனச்சுக்கிட்டு வந்தன்மா. நீ நல்லாத்தான் வெச்சிருக்கற. சித்திர வரைக்கும் இப்படியே இருங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறன்."

பெரியம்மாளின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த ஒரு சொல்லுக்குத்தானே இத்தனையும்.

"அப்பா கை ஏம்மா இப்படி வீங்கியிருக்குது?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டாரு" என்றாள் பெரியம்மாள்.

"அப்படியாப்பா?"

ஆண்டி தலையை ஆட்டினார். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் அந்த ஆட்டலை அவளால் இருட்டிலும் கண்டுபிடிக்க முடியும். உப்பு சரியாக இருக்கிறது என்கிற அதே ஆட்டல். அடித்தவளுக்காகப் பொய்ச்சாட்சி சொல்கிறார் மனிதர். நாளைக்கு வேறு பை, வேறு டப்பா, வேறு பாட்டில் வரும். அன்றைக்கு இவர் தூங்கிக்கொண்டிருந்தால்? கை எட்டாத தூரத்தில் இருந்தால்? என் கையால் இவர் சாகத்தான் இவரை என்னோடு வைத்துக்கொள்கிறேனா என்று பெரியம்மாள் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"கலை" என்று வாயைத் திறந்தாள்.

ஆண்டிக்கு அந்தக் குரலும் பழக்கம்தான். வீங்கிய கை எழும்பி வந்து அவள் வாயைப் பொத்தியது. பலமெல்லாம் சேர்த்துப் பொத்தியது. களி வாடையும் தைல வாடையும் அவள் அடைத்த மூக்கிலேயே ஏறின. விரல்கள் விடவில்லை.

"என்னம்மா? அப்பா என்னா பண்றாரு?"

பெரியம்மாள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணை, பையை, கோழியை, துடுப்பை. சொல்லி முடித்ததும் கலைமதி எழுந்து வெளியே போய் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை தமிழ்மணி காரோடு வந்தான். இளம்பரிதியும் அவனுமாக ஆண்டியைத் தூக்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். பெரியம்மாள் கேழ்வரகு மாவு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். மருமகள் கிண்டமாட்டாள் என்று தெரியும், இருந்தும் கொடுத்தாள். செம்மண் கட்டின பையை இளம்பரிதியிடம் கொடுத்து, முளைக்கும்போல் இருந்தால் விதைத்துக்கொள் என்றாள். அப்புறம் காரைத் தடவிக்கொண்டே போய் ஜன்னலுக்குள் கையை விட்டு அவர் கையைத் தேடினாள்.

"கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் வந்துருவன். வந்து கூட்டிக்கறன். கோவிச்சுக்காதீங்க."

ஆண்டி கையை உருவிக்கொண்டார். கார்க் கதவின் மேல் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

கார் ரோடு ஏறிப் போயிற்று. கலைமதி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா எதுக்கும்மா கதவத் தட்டுனாரு? என்னாவோ சொல்ல வந்தாரா?"

"ஆமா" என்றாள் பெரியம்மாள். "உப்பு கூடிப்போச்சுங்கறாரு."